வந்தவர் கேட்டதும் மலை கொடுத்ததும்

ஒரு தொழில் தொடங்க என்ன வேண்டும் என்று கேட்டால், கையில் பணம், கால் ஊன்ற இடம், உழைக்க ஆள், விற்கச் சந்தை என்று எல்லோரும் அடுக்கிவிடுவார்கள். பழனி மலைத்தொடரின் கடந்த நானூறு ஆண்டுக் கதையைப் பார்த்தால், இந்த நான்குக்கும் முன்னால் இன்னொன்று நிற்பது தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் ஊருக்குள் வருகிறார். வழி கேட்கிறார், தங்க இடம் கேட்கிறார், தன் ஊரில் கிடைப்பது இங்கே ஏன் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறார். அந்தக் குறையைக் காதில் வாங்கிக்கொண்ட உள்ளூர்க்காரர் ஒருவர், இதை நாமே செய்து கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறார். பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தம் முதல் கொடைக்கானல் சாலையோரத்துப் பேரிக்காய்க் கூடை வரை, இந்த மலையில் நிலைத்து நின்ற தொழில்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் வந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வந்தவரும் இருப்பவரும் முகம் பார்த்துப் பேசாமல், எங்கோ உட்கார்ந்து திட்டம் போட்டு இங்கே கொண்டுவந்து இறக்கிய தொழில்கள் மக்களுக்குச் சொந்தமாகவே இல்லை. சில, தீராத கேட்டையும் விட்டுச் சென்றன.

மலைவாசிகள் என்றால் உலகத்தொடர்பு இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தவர்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை முதலில் விலக்கிவைக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு நிற்கும் இத்தொடருக்கு வடக்கே பழனியும் ஒட்டன்சத்திரமும், தெற்கே பெரியகுளமும் வத்தலக்குண்டும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் இதைக் கீழ்மலை, மேல்மலை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. அங்கே வாழையும் காப்பியும் மிளகும் ஏலமும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மேல்மலை. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். காட்டை நம்பி வாழ்ந்த பளியரும், படிக்கட்டு வயல்களில் பயிர் செய்த குன்னுவரும் உப்புக்கும் துணிக்கும் இரும்புக்கும் சமவெளியையே எதிர்பார்த்தார்கள். சமவெளிக்காரர்களுக்குத் தேனும் பூண்டும் மலைச்சரக்கும் தேவைப்பட்டன. ஆங்கிலேய அதிகாரி வார்டு 1821-ல் இம்மலையை அளக்க வந்தபோது, மேலே குடியிருப்புகளும் வயல்களும் ஏற்கெனவே இருந்தன. அந்நியர் வருவது இம்மலைக்குப் புதிதல்ல. ஒவ்வொரு காலத்திலும் வந்தவர் யார், அவர் என்ன கேட்டார் என்பதுதான் மாறியது.

பழனியில் இதற்குக் கிடைக்கும் பழைய சான்று உப்பிலிருந்து தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் நகரத்தார் வணிகர்கள் பழனியோடு கொண்ட தொடர்பை அவர்களுடைய பழைய ஏடுகள் சொல்கின்றன. அவற்றை ஆராய்ந்து அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் ரட்னர் 1987-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குமரப்பன் என்ற உப்பு வணிகர் பழனிக்கு வந்து வியாபாரம் செய்ததும், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்துவைத்ததும், பிறகு மற்ற நகரத்தாரும் அந்த வழியில் சேர்ந்ததும் அந்த ஏடுகள் தரும் செய்தி. இதன் நடைமுறைப் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருக்கும் பழனியில் உப்பு விளையாது. ஆனால் யாத்திரிகர் கூட்டம் கூடும். உப்பு மூட்டையோடு வந்தவருக்கு அந்த ஊரில் உறவும் கிடையாது, பிணை நிற்க ஆளும் கிடையாது. யாரென்றே தெரியாத வியாபாரியின் அளவையும் விலையையும் ஊர் எதற்காக நம்பும்? லாபத்தில் ஒரு பங்கு சாமிக்கு என்று அவர் அறிவித்தபோது, அவருடைய கணக்கு எல்லோரும் பார்க்கும் கணக்காயிற்று. கோயிலுக்கு வருமானம் வந்தது, வணிகருக்கு ஊரில் இடம் கிடைத்தது. பக்தியை வியாபாரத் தந்திரமாக்கினார் என்று இதைச் சொல்வது அநியாயம். அந்தக் காலத்து மனிதருக்கு வாக்கும் வழிபாடும் வணிகமும் ஒரே நூலில் கோத்தவை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துவரும் நகரத்தார், தங்கள் யாத்திரைக்கு நானூறு ஆண்டுக்கு மேல் வயது சொல்கிறார்கள். அந்த நடைவழியின் தொடக்கத்தில் ஓர் உப்பு வியாபாரியும் அவரை ஏற்றுக்கொண்ட ஊரும் நிற்பது இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத இடம்.

நடந்து வந்த யாத்திரிகர் திரும்பிப் போகும்போது கேட்டது வேறு. வீட்டில் இருக்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் பிரசாதம் வேண்டும். அது வழியில் கெடக்கூடாது. அபிஷேகப் பஞ்சாமிர்தம் பொதுவாக அன்றன்றைக்கு உண்பது. பழனியில் மட்டும் அது பல நாள் தாங்கும் பண்டமானதற்குக் காரணம் மலை. கீழ்மலையில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம் உருவில் சிறியது, தோல் தடித்தது, நீர்ப்பதம் குறைந்தது. அதை உரித்துப் பிசைந்து, கரும்புச் சர்க்கரை, கொட்டை நீக்கிய பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம் சேர்க்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுவதில்லை. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்வதால் கலவை கெட்டிப்பட்டுக் கெடாமல் நிற்கிறது. வேதியியல் தெரிந்து யாரும் இதைச் செய்யவில்லை. தூரத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டவர்களும், எந்தப் பழம் தாங்கும் என்று அறிந்த மலையடிவாரத்துக் கைகளும் சந்தித்ததன் விளைவு அது. விருப்பாச்சி, சிறுமலை வாழைப்பழங்களுக்குப் புவிசார் குறியீடு முன்னரே கிடைத்திருந்தது. 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. இடையில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. அப்போதும் இத்தொழில் சாகவில்லை, ஏனென்றால் கேட்பவர் ஆண்டுதோறும் நடந்து வந்துகொண்டே இருந்தார். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்தபின் விவசாயிகள் மறுபடியும் அதே வாழையை நட்டதற்கும் அந்தக் கேட்பே காரணம்.

மேல்மலைப் பூண்டின் கதையும் இதே இலக்கணம்தான். பூம்பாறை, மன்னவனூர் வயல்களில் விளையும் மலைப்பூண்டு காரம் மிகுந்தது, நீண்டநாள் கெடாதது. தாளோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குள் தொங்கவிட்டு வைப்பார்கள். இதற்குச் சந்தை மலையில் இல்லை, பெரியகுளம் பக்கத்து வடுகபட்டியில் இருக்கிறது. அங்கிருந்து எங்கோ ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவளின் பத்தியச் சோற்றுக்குப் போகிறது. வாய்வுக்கு மருந்தாகப் போகிறது. சமவெளிப் பெண்கள் மலைப்பூண்டு என்று பெயர் சொல்லிக் கேட்டதால்தான் அதற்குச் சாதாரணப் பூண்டைவிடக் கூடிய விலை உண்டாயிற்று. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரிலேயே இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. சட்டம் பிந்திக் கொடுத்த முத்திரையை, கேட்டவர்களின் நாக்கும் அனுபவமும் வெகுகாலம் முந்தியே கொடுத்துவிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த அந்நியர் முற்றிலும் வேறு ரகம். 1834-ல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடி முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைய நகரம் அங்கிருந்து வளர்ந்தது. அவர்கள் வியாபாரத்துக்கு வரவில்லை, சாகாமல் இருக்க வந்தார்கள். ஆனால் உயிர் பிழைக்க வந்தவருக்கு நூறு பொருள் வேண்டியிருந்தது. மேலே ஏற்றிவிட ஆள் வேண்டும், ரொட்டி வேண்டும், பால் வேண்டும், பழகிய காய்கறி வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும். ஒவ்வொரு ‘வேண்டும்’ என்ற சொல்லும் ஒரு வேலைக்கு விதையானது.

ஏற்றிவிடும் வேலையிலிருந்து தொடங்கலாம். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில்பாதை வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். மலைநகரத்திலிருந்து வெகுதூரத்தில் சமவெளியில் இருக்கும் அந்த நிலையத்துக்கு இன்றும் கொடைக்கானல் ரோடு என்றே பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் முப்பது மைலுக்கு மேல் போனால் மலையடியில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் சக்கரம் உருளாது. பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதையில் மட்டக்குதிரையில் ஏற வேண்டும். முடியாதவர்களை மூங்கில் கட்டிய நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தூக்கிப் போக வேண்டும். பெட்டி, படுக்கை, பீங்கான், பியானோ வரை தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவும் ஏறின. எந்த வளைவில் மூச்சு வாங்க நிற்பது, மழைக்கு எந்தப் பாறை இடுக்கில் ஒதுங்குவது, எந்த ஓடையில் வெள்ளம் சட்டென்று ஏறும் என்பதெல்லாம் டோலிக்காரருக்கே தெரியும். பயணிக்கு அதில் எதுவும் தெரியாது. அந்த அறிவு இல்லாமல் கொடைக்கானல் என்ற ஊரே உண்டாகியிருக்காது. 1910களில் மோட்டார் போகும் மலைச்சாலை முடிந்து திறக்கப்பட்டதும் அந்தத் தொழில் மங்கி மறைந்தது. தேவை தீர்ந்தால் தொழில் தீரும் என்ற கசப்பான பாடமும் இந்த வரலாற்றுக்குள் அடங்கியதுதான்.

குசினியில் பிறந்த தொழில்களோ மறையவில்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சு 1863-ல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். ஓய்வுபெற்றபின் இங்கேயே குடியேறி, தோட்டங்களுக்கு வெளிநாட்டுச் செடிகளையும் பழமரங்களையும் வரவழைத்தார். செண்பகனூரில் 1895-ல் சேசுசபையார் குருமடம் எழுப்பினார்கள். இந்த வீடுகளுக்கும் மடங்களுக்கும் முட்டைக்கோசு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பேரிக்காய், பிளம்ஸ் எல்லாம் வேண்டியிருந்தன. பங்களாத் தோட்டத்தில் களை எடுத்தவர் நாற்றின் பதத்தைக் கற்றுக்கொண்டார். வீட்டுப் பக்கத்து வயலில் அதையே போட்டார். குசினியில் வேலை செய்தவர் மாவு புளிக்கும் நேரத்தையும், ஜாம் திரளும் பதத்தையும், வேர்க்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெயாக்குவதையும் கைப்பழக்கமாக்கிக்கொண்டார். நாடு விடுதலையடைந்தபின் வெள்ளையர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள், பங்களாக்கள் கைமாறின. அந்தக் கைப்பழக்கம் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பத்தோடு பஸ்ஸில் வந்த தமிழர்கள் புதிய வாடிக்கையாளர்களானார்கள். ரொட்டிக்கடை, ஜாம் புட்டி, வெள்ளி நீர்வீழ்ச்சி ஓரத்துப் பேரிக்காய், யூகலிப்டஸ் தைலம் என்று வியாபாரம் தொடர்ந்தது. மலைக் காய்கறி கீழே இறங்கி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனது. வாடிக்கையாளர் மொத்தமாக மாறியும் தொழில் நிலைத்தது என்றால், அது வந்தவரின் சொத்தாக இல்லாமல் கற்றவரின் சொத்தாகிவிட்டது என்று பொருள்.

தற்செயலான ஒரு பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொடைக்கானல் பள்ளிக்கூடம் இன்னொரு சான்று. மிஷனரி மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்தார் அவருடைய தாயார் மார்கரெட் எடி. மலையில் கூடியிருந்த தாய்மார்களின் பேச்சில் ஒரே துயரம் திரும்பத் திரும்ப வந்தது. படிப்புக்காகப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்க வேண்டிய நிலை அது. விருந்தாளியாக வந்த அந்த அம்மையார் தாமே பொறுப்பேற்றுக்கொள்ள, 1901-ல் ஹைகிளர்க் என்ற வீட்டில் சிறிய அளவில் ஒரு பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. பள்ளி என்பது லாபத் தொழிலாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் சமையற்காரர், தையற்காரர், துணி வெளுப்பவர், காய்கறி போடுபவர் என்று ஒரு நகரத்தின் பிழைப்பில் பெரும்பங்கு உண்டுறைப் பள்ளிகளைச் சுற்றி அமைந்தது. தாய்மார்கள் அந்தக் குறையை எத்தனையோ ஆண்டுகளாக அனுபவித்துப் பழகியிருந்தார்கள். பழக்கமாகிப்போன வலியைத் தீரக்கூடியதாகப் பார்க்க, அதற்குப் பழகாத ஒருவரின் கண் வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இத்தொழில்களை உண்டாக்கியது குளிரும் மண்ணும் வெள்ளைக்காரப் பணமும்தானே, சந்திப்பு என்பது வெறும் சாக்குத்தானே என்று கேட்கலாம். குளிரும் மண்ணும் இல்லாமல் பேரிக்காய் காய்க்காது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே குளிர் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அங்கே பூண்டு தொழிலானது, சமவெளிக்காரர் அதைக் கேட்டதால். கேரட்டும் கோசும் தொழிலானது, கேட்பவர் வந்தபிறகுதான். தட்பவெப்பம் எது முடியும் என்று எல்லை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எதைச் செய்வது என்பதை மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் அறிகிறார்கள். பணத்தைப் பற்றியும் அப்படியே. ஏரி 1863-லேயே உருவாகிவிட்டது, படகும் வந்துவிட்டது. துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தவரை அது சிலருடைய இன்பம். 1932 மே மாதம் முதல் படகுகள் பொதுமக்களுக்கும் கிடைத்தபின்தான் ஏரிக்கரை ஆயிரம் பேருக்குச் சோறு போடும் இடமாக மாறத் தொடங்கியது. இன்று சைக்கிள் வாடகைக்கு விடுபவரும், குதிரை ஓட்டுபவரும், மக்காச்சோளம் சுடுபவரும் அந்தக் கரையில்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சந்திப்பு என்று அழகாகச் சொல்கிறோம், ஆனால் டோலியில் உட்கார்ந்தவரும் அதைத் தூக்கியவரும் சமமானவர்களா? மலையைச் சட்டமும் சர்வேயும் போட்டு எடுத்துக்கொண்டபோது பளியரிடம் யார் கேட்டார்கள்? இது நியாயமான கேள்வி. இந்த வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்வது உண்மைக்குச் செய்யும் துரோகம். தேனெடுக்கப் பாறை உச்சியில் கொடி கட்டி இறங்கும் பளியரின் துணிவும் அறிவும் யாருக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் வனப்பொருளைச் சேகரிக்கும் உரிமை குத்தகைக்குப் போனபிறகு, தேனைச் சாப்பிடுபவரை அவர் பார்க்கவே வழியில்லை. கேட்பவர் என்ன கேட்கிறார், எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதெல்லாம் நடுவில் நின்ற குத்தகைக்காரருக்கே தெரிந்தது. எனவே ஏற்றத்தாழ்வு என்ற மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நேரில் பார்த்துப் பேசும் உரிமை யாருக்குக் கிடைத்ததோ, அவர் கைக்குத் தொழில் வந்தது. அந்த உரிமை மறுக்கப்பட்டவர் எவ்வளவு அறிந்திருந்தும் கூலியாகவே நின்றார். சமையற்காரர் உயர்ந்ததும் தேனெடுப்பவர் உயராததும் திறமையின் வேறுபாட்டால் வந்ததல்ல. வாங்குபவருக்கும் தனக்கும் இடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதால் வந்தது.

மக்களைக் கேட்காமல் வந்த தொழில்கள் என்ன செய்தன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தூரத்து ஆலைகளுக்குத் தோல் பதனிடும் பட்டையும் கூழ்மரமும் வேண்டும் என்று மேல்மலைப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பரப்பினார்கள். புல்வெளியும் சோலையும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் இடங்கள். அங்கே வேகமாக நீர் குடிக்கும் மரங்கள் நிறைந்தன. வெட்டினாலும் துளிர்க்கும் சீகையை அகற்ற இன்று அரசும் ஆர்வலர்களும் பாடுபடுகிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1983-ல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் வெளியிலிருந்து வந்தது, செய்த கருவிகள் ஏற்றுமதியாயின. மலையில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை, மலைக்கே உரிய எந்த அறிவும் அதில் சேரவும் இல்லை. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கிடங்கில் 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆலை மூடப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப்பின் 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை சம்பளம் கொடுத்ததே என்று சொல்லலாம். கொடுத்தது, ஆனால் அது போனபோது தொழிலாளியின் கையில் வேறிடத்தில் பயன்படும் தொழில் எதுவும் மிஞ்சவில்லை. குசினியை விட்டு வெளியே வந்தவர் ரொட்டி சுடும் கையோடு வந்தார் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

பழைய காலத்தோடு இந்த வழி முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் சின்னஞ்சிறு ஊர். கட்டாய ராணுவ சேவை முடித்துவிட்டு முதுகுப்பையோடு ஊர் சுற்ற வரும் இஸ்ரேலிய இளைஞர்கள் அங்கே வந்து வாரக்கணக்கில் தங்கத் தொடங்கினார்கள். பெரிய ஹோட்டல் அவர்களுக்கு வேண்டாம். வாடகைக்கு ஓர் அறையும் தங்கள் ஊர்ச் சாப்பாடும் போதும். உள்ளூர்க் குடும்பத்தார் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். கொண்டைக்கடலையை அவித்து அரைத்து ஹம்முஸ் செய்யவும், ஃபலாஃபல் பொரிக்கவும், தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி ஷக்ஷூகா செய்யவும் கற்றுக்கொண்டார்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் தெரிந்த கைக்கு ஹம்முஸ் பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்தச் சிறு தூரத்தைக் கடக்க, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவரின் முகத்தைப் பார்த்து உப்பையும் எலுமிச்சையையும் திருத்தும் பொறுமை வேண்டியிருந்தது. 1845-க்குப்பின் பங்களாக் குசினிகளில் நடந்ததே இங்கே மறுபடி நடந்தது. ஒரு முக்கிய வேறுபாடு, இம்முறை அடுப்பும் வீடும் உள்ளூர்க்காரருடையவை.

கேட்டுப் பிறந்த தொழிலுக்கும் பார்த்துக் காப்பியடித்த தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலின் குளிரில் கொக்கோ விளையாது. ஆனால் அதே குளிரில் சாக்லேட் உருகாமல் இறுகும். பள்ளிகளும் வெளிநாட்டார் வீடுகளும் அறிந்திருந்த இந்த வீட்டுப் பண்டத்தைச் சிலர் கடையில் வைத்தார்கள், வந்தவர்கள் விரும்பி வாங்கினார்கள். இன்று தெருவுக்குத் தெரு ஒரே பலகை, ஒரே சுவை. 1991-ல் ‘குணா’ படம் வந்தபின் டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்ட பாறைப் பிளவுக்குக் குணா குகை என்றே பெயராயிற்று. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் வெளியானதும் அங்கே கூட்டம் மறுபடி அலைமோதியது. கூட்டம் வந்தால் கடை வரும், அது இயல்பு. ஆனால் முந்தின கடைக்காரர் விற்பதையே அடுத்தவரும் விற்கும்போது, வந்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. விலை மட்டும் சரிகிறது. போட்டியால் நசிந்துபோகும் இந்தக் கடைகளைக் காட்டி, சந்திப்பில் தொழில் பிறப்பதில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அங்கே இல்லாமல் போனதே சந்திப்புதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று எண்ணத் தொடங்கியது காலத்தின் கட்டாயம். குடிநீரும் குப்பையும் நெரிசலும் அதைக் கேட்கின்றன. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. காலையில் ஏறி, பன்னிரண்டு இடங்களில் படம் எடுத்து, மாலையில் இறங்குபவர் எதையும் கேட்பதற்கு நேரம் இல்லாதவர். அவர் அறை எடுத்தாலும் வண்டி பிடித்தாலும் நடுவில் ஒரு செயலி நிற்கிறது. பழைய குத்தகைக்காரரின் இடத்தில் இன்று அது உட்கார்ந்திருக்கிறது. என்ன கேட்டார்கள், எதற்குக் குறைப்பட்டார்கள் என்ற அறிவு மலைக்குப் போகாமல் எங்கோ இருக்கும் கணினிக்குப் போய்விடுகிறது. எனவே சுற்றுலாவைப் பற்றி முடிவெடுக்கும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். வந்தவர் எத்தனை இரவு தங்கினார்? விளைவித்தவரையும் சமைத்தவரையும் அவர் நேரில் பார்த்தாரா? பூம்பாறைப் பூண்டை விவசாயியே நேரடியாக விற்க ஒரு வாரச்சந்தை, பளியர் தேனுக்குப் பளியரே நடத்தும் கடை, கிராம வீடுகளில் தங்க எளிய அனுமதி, இவை பெரிய செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. உப்பு மூட்டையோடு வந்தவருக்குப் பழனி இடம் கொடுத்தது, ரொட்டி கேட்டவருக்குக் கொடைக்கானல் அடுப்பு மூட்டியது. அந்தத் திறமை இம்மக்களிடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு வட்டக்கானலே சாட்சி. அடுத்து வருபவர் என்ன கேட்பார் என்று திட்டக் கமிட்டிகளால் சொல்ல முடியாது. அவர் கேட்கும்போது எதிரில் நிற்பது மலைக்காரராக இருக்க வேண்டும் என்று மட்டும் நாம் உறுதிசெய்ய முடியும். அதைச் செய்வதே நம் கடமை.